ஏப்ரல் ஒன்று, முற்பகல்

உமாதேவிக்கு வாத்தியார் வேலை கிடைத்தபோது வயது முப்பத்தெட்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, புதுப்பித்துப் புதுப்பித்து அந்த அட்டையே நைந்துபோன பிறகுதான் ஆர்டர் வந்தது. 2003, மார்ச் 31, திங்கட்கிழமை காலையில் தேனியில் வைத்துக் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். கூட ஆர்டர் வாங்கிய முனீஸ்வரி அன்று மத்தியானமே சின்னமனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

உமாதேவியின் அப்பா கருத்தக்கண்ணன்தான் விடவில்லை.

"இன்னைக்கே என்ன தாயி அவசரம்? நாளைக்கு நெறஞ்ச அமாவாசை. இத்தனை வருசம் காத்துக் கெடந்தவளுக்கு ஒரு ராத்திரி பொறுக்க முடியாதா?" என்றார்.

யார் கேட்டாலும் நியாயமாகத்தான் படும். மறுநாள் காலையில் அவள் பணியேற்பு அறிக்கையில் '1.4.2003 முற்பகல்' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். அப்பா பள்ளிக்கூட வாசலில் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்.

நாலு மாதம் கழித்து அரசாணை வந்தது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாதாம். ஆகஸ்டில் எழுதியதை ஏப்ரலிலிருந்து அமல்படுத்த அரசாங்கத்தால்தான் முடியும். நாம் செய்தால் அதற்குப் பெயர் பித்தலாட்டம். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். ஓய்வு பெறும்போது அதையும் அரசின் பங்கையும் வட்டியோடு மொத்தமாகக் கொடுத்து, போய் வா என்று அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் மாதம் பிறந்தால் ஒரு பைசா வராது. ஒரு நாள் முந்திச் சேர்ந்த முனீஸ்வரிக்கு உயிருள்ளவரை வரும்.

இதை உமாதேவி அப்பாவிடம் சொல்லவில்லை. அவரோ கல்யாண வீடு, கருமாதி வீடு, டீக்கடை என்று ஓரிடம் விடாமல், "எம் மக நான் பாத்துக் குடுத்த நாள்ல சேந்தவ" என்று பீற்றிக்கொண்டு திரிந்தார். அந்தச் சந்தோஷத்தில் எப்படி மண்ணை அள்ளிப் போடுவது? தம்பி தங்கப்பாண்டியனிடமும் அவள் மூச்சு விடவில்லை. அவனுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. புருஷன் செத்த வருடம் ஒரு தடவை அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர், "அழுகாத ஆத்தா, உனக்குப் பென்சன் உத்தியோகம் இருக்கு" என்று சொல்லி அவள் தலையைத் தடவினார். அதோடு சரி.

பழைய ஓய்வூதியம் வரும், இந்தா வருகிறது என்று சங்கத்துக்காரர்களோடு அவள் தேனியில் எத்தனையோ நாள் வெயிலில் உட்கார்ந்தாள். கடைசியில் முந்திக்கொண்டு வந்தது அவள் ஓய்வு பெறும் நாள்தான். கைக்கு வரப்போகும் பணத்தை, புருஷனின் ஆஸ்பத்திரிக் கடனும் மகள் ஓவியாவின் கல்யாணக் கடனும் சேர்ந்து விழுங்கிவிடும். மிச்சம் அனுமந்தன்பட்டியில் இருந்த பூர்வீகத் திராட்சைத் தோட்டம். அதில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கைக் குத்தகைக்கு விட்டு ஒற்றை வயிற்றைக் கழுவிக்கொள்ளலாம் என்றுதான் தைரியமாக இருந்தாள்.

மாலை போட்டு, சால்வை போர்த்தி, காரில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். அன்று சாயங்காலம் அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். வயது தொண்ணூறை நெருங்கிவிட்டது. காது மட்டும் நன்றாகக் கேட்கும். தம்பி கதவோரம் நின்றான்.

"தோட்டத்தத் தம்பி பேருக்கே முழுசா எழுதிரலாம்னு இருக்கேன் தாயி. வெல இல்லாமப் பழம் பந்தல்லயே அழுகிப்போயி கடன்பட்டுக் கெடக்கான். அவனுக்கு மாசம் பொறந்தா யாரு குடுக்கா? விடுதலைப் பத்திரத்துல உன் கையெழுத்து வேணும்னு பத்திரம் எழுதுறவுக சொன்னாக."

"உனக்கு மனசு இல்லேன்னா வேணாங்க்கா," என்றான் தம்பி.

"அவளுக்கு ஏன்டா மனசு இல்லாமப் போகுது? அவளுக்குத்தான் சாகுறவரைக்கும் பென்சன் வருதுல்ல. எனக்கு இருக்குற ஒரே நிம்மதி அதான்," என்றார் அப்பா.

சொல்லிவிட வேண்டியதுதான். அப்பா, எனக்குப் பென்சன் கிடையாது. அவ்வளவுதான், ஒரே வரி, பங்கு மிஞ்சும். ஆனால் அந்த மனுஷன் ஏன் என்று கேட்பார். அந்த ஒரு ராத்திரியைத் தவிர அதற்கு வேறு பதில் இல்லை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

"எங்கன வந்து கையெழுத்துப் போடணும்ப்பா?"

"உத்தமபாளையத்துல. வியாழக்கெழம போயிருவோம்."

"சரிப்பா."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். அப்பா அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"மொத மாசப் பென்சன் வாங்குனதும் எனக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடுப்பியா தாயி?"

"எடுத்துத் தாரேன்ப்பா," என்றாள் உமாதேவி.