பின்னேரப் பள்ளிக்கூடத்து அறுபத்திநாலு

இந்தக் காலத்துச் சனத்துக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையின் சோதினைப் புள்ளி தெரியாமல் சோறு இறங்காது. சாமித்தம்பி இதை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. ஆனால் மச்சான் அழகரத்தினத்தின் பேத்தி எழுபத்தெட்டு எடுத்தாள் என்று கேட்ட நாளிலிருந்து அவருக்கும் சோறு இறங்கவில்லை. அவருடைய பேத்தி வதனிக்கு அறுபத்திநாலு.

பிள்ளைகள் இருவருக்கும் ஒரே கட்டடம். காலையில் அது பெரிய பள்ளிக்கூடம். பின்னேரம் அதே வாங்கு மேசைகளில், சுனாமி அள்ளிக்கொண்டுபோன கடற்கரைப் பள்ளிக்கூடம் நடக்கும். ஐந்து வருஷமாயிற்று, சண்டையும் ஓய்ந்துவிட்டது, புதுக் கட்டடம் வந்தபாடில்லை. அழகரத்தினத்தின் பேத்தி காலைக்காரி, வதனி பின்னேரக்காரி.

பிள்ளைகளின் புள்ளிகளை ஆராய மட்டக்களப்பிலிருந்து வந்த யசோதினி, சாமித்தம்பியின் முற்றத்தில் நின்று அவர் நிரப்பிய படிவத்தை நீட்டினாள்.

"ஐயா, வதனிட விடைத்தாள் பின்னேரக் கட்டுக்குள்ள கிடக்கு. நீங்க பெரிய பள்ளிக்கூடம் எண்டு பதிஞ்சிருக்கீங்க."

பதிந்த அன்றும் அழகரத்தினம் இப்போது நிற்பதுபோலவே சைக்கிளைப் பிடித்தபடி வேலியோரம் நின்றார். அவர் காதுபடப் பின்னேரப் பள்ளிக்கூடம் என்று சொல்ல சாமித்தம்பிக்கு நா எழவில்லை.

"ஒரே கட்டடந்தானே புள்ள."

"கட்டடம் ஒண்டு, பள்ளிக்கூடம் ரெண்டு. ஒரு பிள்ளைட புள்ளியில பள்ளிக்கூடத்திட பங்கும் இருக்கு. அதைப் பிரிச்சுத்தான் பார்க்கிறம். காலைச் சராசரி எழுபது, அங்க வெச்சா வதனி கீழ. பின்னேரம் நாப்பத்தொண்டு, அங்க அவள்தான் முதல். தங்கட பள்ளிக்கூடத்தை மிஞ்சின பிள்ளைகளுக்குத்தான் டவுனில சனிக்கிழமை வகுப்பு. திருத்திக் கையெழுத்து வைங்க, இடம் கிடைக்கும்."

"வை மச்சான்," என்று சிரித்தார் அழகரத்தினம். "என்ட பேத்திக்கு இந்தப் பிரிக்கிற வேலையெல்லாம் தேவைப்படாது. எழுபத்தெட்டு எண்டா எழுபத்தெட்டு."

கையெழுத்து வைக்கவே சாமித்தம்பி பேனையை எடுத்திருந்தார். எடுத்த பேனையைக் கீழே வைத்தார்.

"சோதினை எழுதினது பள்ளிக்கூடமா, பிள்ளையா? மில்காரன் நெல் மூட்டையை நிறுக்கக்குள்ள எந்த வயல் வட்டையில விளைஞ்சது எண்டு கேக்கிறானா?"

"கேக்கிறதில்லை. அதாலதான் ஐயா, தண்ணி வராத வட்டையில செய்யிறவன் எப்பவும் தோத்தவனா நிக்கிறான்."

யசோதினி சொன்னதில் பிழை பிடிக்க முடியவில்லை. அதையும் மச்சான் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் பொறுக்க முடியவில்லை.

"இரக்கப்பட்டுத் தாற இடம் எங்களுக்கு வேணாம்."

"இரக்கமில்ல ஐயா, வதனிட கெட்டித்தனம்."

சாமித்தம்பி சவுக்கத்தை உதறித் தோளில் போட்டார். மச்சானைத் திரும்பியும் பார்க்காமல் வாவிப் பக்கம் நடந்தார். எழுபத்தெட்டுக்கும் அறுபத்திநாலுக்கும் நடுவே பதினாலு கிடக்கிறது. அதை எந்த ஆராய்ச்சி கரைத்துவிடும்? பின்னால் யசோதினி, கையெழுத்து விழாத படிவத்தோடு கூப்பிடுவது கேட்டது. அவர் நிற்கவில்லை.