பாறையடித் தூர்

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் குரங்கணிக்கு மேலே மலையில் இருந்த ஏலக்காய்த் தோட்டங்கள் எல்லாம் காய்ந்து சரிந்து கிடந்தன. காசிமாயன் தன் தோட்டத்துப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டான். மனசு கேட்காமல் ஒருநாள் போனவன், பாறையடியில் ஒரே ஒரு ஏலச்செடித் தூர் மட்டும் பச்சைப்பசேலென்று நிற்பதைப் பார்த்துத் திகைத்துவிட்டான். சுற்றியிருந்த செடிகள் சுருண்டு மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்க, இதுமட்டும் நேற்றுத்தான் மழையில் நனைந்தது போல இலை விரித்திருந்தது.

மனைவி பொன்னுமணியைக் கூட்டிவந்து காட்டினான்.

"ஏங்க, யாராச்சும் தண்ணி ஊத்துறாகளா?"

"குடிக்கவே தண்ணியில்ல. இதுக்கு எவன் தூக்கிட்டு வர்றான்?"

போடி மார்க்கெட்டில் பேச்சுவாக்கில் அவன் சொன்னது எப்படியோ பரவி, ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து சுருளிவேல் என்ற அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பெரிய படிப்புப் படித்தவர். பக்கத்துப் பொட்டிபுரத்தில் பிறந்தவர் என்பதால் பேச்சு மட்டும் ஊர்ப்பேச்சு. தூரைச் சுற்றிச் சுற்றி வந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"அண்ணே, இது லேசுப்பட்ட செடியில்ல. வறட்சியத் தாங்குற கொணம் இதோட பெறப்புலயே இருக்கணும்."

"பெறப்புலயேன்னா?"

"உங்க அப்பா மூக்கு உங்களுக்கு வந்திருக்குல்ல, அந்த மாதிரி. இப்ப வெளிநாட்டுல ஒரு கிருமியோட கொணத்த எடுத்துப் பொகையிலைச் செடிக்குள்ளயே வச்சுட்டாங்க. இதுல இருக்குறது என்னன்னு கண்டுபிடிச்சுட்டா, நாளைக்கு எல்லா ஏலச்செடிக்கும் அதக் குடுக்கலாம்."

காசிமாயனுக்குப் புகையிலை மட்டும்தான் பிடிபட்டது. "அப்ப ஏலக்காயில பொகையில வாசம் அடிக்காதா சார்?"

சுருளிவேல் சிரித்துவிட்டார். பிறகு உட்கார்ந்து விளக்கினார். அவர் விளக்க விளக்கக் காசிமாயனுக்குத் தலை சுற்றியது. ஒன்றுமட்டும் புரிந்தது: தன் தோட்டத்தில் ஏதோ பெரிய சங்கதி முளைத்திருக்கிறது. மழை விழுந்ததும் சுருளிவேல் வந்து பக்கக் கன்றுகளைப் பெயர்த்துக்கொண்டு போனபோது, பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவன் மாதிரி ஜீப்பு வரைக்கும் கூடவே நடந்தான்.

இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்த சுருளிவேலின் முகம் செத்திருந்தது.

"அங்க கொட்டகைக்குள்ள வச்சுத் தண்ணிய நிப்பாட்டிப் பாத்தேண்ணே. மத்த செடி மாதிரியே இதுவும் வாடிப்போச்சு."

"இங்க வாடலையே!"

"அதான் எனக்கும் வெளங்கல. தாங்குனது செடியா, இந்த எடமான்னு தெரியல. பாறைக்கு அடியில எங்கயாச்சும் ஈரம் கசியுதோ என்னமோ. இந்தத் தூரத் தோண்டி மேட்டுல வைக்கணும். இந்தக் குழியில வேற செடிய வைக்கணும். அப்பத்தான் தெரியும்."

காசிமாயனுக்குச் சுருக்கென்றது. கண்ணெதிரே உயிரோடு நிற்பதைத் தோண்டிவிட்டு, அது ஏன் உயிரோடு நின்றது என்று தெரிந்துகொண்டு என்ன செய்வது? மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான். பொன்னுமணி முந்திக்கொண்டாள்.

"பாதியத் தோண்டுங்க. பாதி அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அப்படியே செய்தார்கள். பாதித் தூர் மேட்டுக்குப் போனது. காலியான பாதிக் குழியில் சாதாரணக் கன்று ஒன்று வந்தது. தோண்டும்போது காசிமாயன் மண்ணை அள்ளிப் பிசைந்து பார்த்தான். ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் அது மழைக்காலம். மலை முழுக்க ஈரம்.

எண்பத்தேழில் மறுபடியும் மழை பொய்த்தது. காசிமாயன் தினமும் பாறைக்கும் மேட்டுக்கும் நடந்தான். பாறையடியில் விட்ட பாதியோடு, குழியில் வைத்த சாதாரணக் கன்றும் பச்சையாகவே நின்றது. அப்படியானால் இடம்தான். மேட்டில் வைத்த பாதி முழுசாகக் கருகியது. சரி, முடிந்தது என்று நினைத்தான். ஆனால் முதல் மழை விழுந்ததும் மேட்டில் காய்ந்து நின்ற மற்றத் தூர்கள் அழுகிப்போக, அந்தக் கருகின தூர் மட்டும் அடியிலிருந்து குருத்து விட்டது. அப்படியானால் செடிதான்.

காசிமாயன் ஆள்விட்டு அழைத்ததும் வந்த சுருளிவேல், குருத்தின் முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து அதை விரலால் விலக்கிப் பார்த்தார்.

"என்ன தம்பி, செடியா எடமா?" 'சார்' எப்போது 'தம்பி'யானது என்று காசிமாயனுக்கே தெரியவில்லை.

"ரெண்டும் இருக்கலாம். தனியா ஒரு செடிய வச்சு அடிச்சுச் சொல்ல முடியாதுண்ணே. இன்னும் பத்து வருசம் பாக்கணும்."

"பத்து வருசமா? நான் வர்ற ஆனியில நடணும்யா. எத நடுறது?"

சுருளிவேல் கைமண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "மேட்டுக் கன்னு, குழிக் கன்னு ரெண்டையும் நடுங்க. தனித்தனியா அடையாளம் வச்சு நடுங்க," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஆனியில் பக்கக் கன்றுகள் ஓரளவு தேறியதும், மூட்டமான ஒரு காலையில் நடவு தொடங்கியது. காசிமாயன் குழிகளைச் சரிசெய்துகொண்டிருக்க, பொன்னுமணி கன்றுகளைச் சுமந்து வந்து இறக்கினாள். மேட்டுத் தூரில் பிரித்தது, குழிச் செடியில் பிரித்தது, எல்லாம் ஒரே சாக்கில்.

"அடியேய், எது எதுடீ?"

"நல்ல கன்னாத்தான பாத்துக் கொண்டாந்தேன். நீங்க எங்க தனித்தனியா கொண்டான்னீக?"

ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தான். இலையைத் தடவினான், கிழங்கை முகர்ந்தான். எல்லாம் ஒன்று போலவே இருந்தன. சுருளிவேலுக்கு என்ன சொல்வது? கோபப்படவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை. தூறல் வலுக்கத் தொடங்கியிருந்தது. பொன்னுமணி முதல் குழியருகே குனிந்து கையை நீட்டினாள்.

"வெரசாக் குடுங்க. நனைஞ்சுட்டு நிக்கிறேன்ல."

கையில் இருந்ததை அவளிடம் கொடுத்துவிட்டு, அடுத்ததை எடுத்தான்.