வெள்ளிக்கிழமைச் சூடு

திருமழிசைத் தொழிற்சாலையில் ஜெபிஷா உருவாக்கிய மென்பொருள், பழைய வெப்ப அளவுகளிலிருந்து கற்றுக்கொண்டு, லேத் மெஷின் கெடப்போவதை முன்பே சொல்லும். ஆனால் வெள்ளிதோறும் காலையில் வீணாக எச்சரித்தது. இன்னொரு முறை அது பொய்யாக எச்சரித்தால் அவளுக்கு வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

இந்த வெள்ளிக்கிழமை அவள் மெஷின் அருகிலேயே நின்றாள். ஆபரேட்டர் வீராசாமி வழக்கம்போல மெஷினுக்குப் பொட்டு வைத்து, அதில் பொருத்தியிருந்த வெப்பமானியின் அடியில் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றினார். அவளுடைய போன் எச்சரிக்கை ஒலியோடு அலறியது.

"இன்னாம்மா, போனு சாமியாடுது?"

"கற்பூரத்தைக் கண்டுபிடிச்சிடுச்சுண்ணா!"

வீராசாமி தட்டை நகர்த்தினார். சத்தம் அடங்கியது. திரும்ப வைத்தார். அலறியது.

ஓடி வந்த மேலாளர் அந்தச் சின்னச் சுடரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத்தினியூண்டு நெருப்பக்கூடக் கண்டுபிடிக்குதா? இன்னொரு வாட்டி வையுய்யா," என்றார். பிறகு ஜெபிஷாவிடம் மெதுவாக, "இத மத்த மெஷினுக்கும் மாட்டிடும்மா," என்றார்.