நாலு ஓமுக்குக் கீழே

காய்ச்சலில் செத்துப்போன மகள், வெங்காய விலை இறங்கிய வாரத்தில், ரேடியோ மெக்கானிக்கின் வீட்டு ஸ்பீக்கரில் பேச ஆரம்பித்தாள். ஆம்ப்ளிஃபயரில் கேசட், ரேடியோ எதுவும் மாட்டவில்லை. சுவிட்சைப் போட்டாலே போதும். ஆனால் சத்தத்தை முழுக்க வைத்தும், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல முணுமுணுப்புதான் வந்தது. முதல் இரண்டு நாள் தெருவே வந்து கேட்டது. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை என்றதும் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். மெக்கானிக்கின் மனைவி மட்டும் ஸ்பீக்கர் வலையில் காதை ஒட்டி உட்கார்ந்து, உலையில் அரிசி போட மறந்தாள்.

"என்ன சொல்றாள்னு தெரிஞ்சா போதுங்க" என்றாள்.

வழி அவருக்குத் தெரியும். எட்டு ஓம் ஸ்பீக்கரோடு இன்னொன்றைப் பக்கவாட்டில், பேரலலாக இணைத்தால் தடை நாலு ஓமாகும். தடை குறையக் குறையக் கரண்ட் கூடுதலாகப் பாயும், சத்தம் ஏறும். அந்தச் சுமைக்கு ஆம்ப்ளிஃபயர் சூடாகும். அதனால் நாலுக்குக் கீழே போகக்கூடாது. இரண்டு ஸ்பீக்கரில் குரல் எழுந்தது, புரியவில்லை. கடையிலிருந்து இன்னும் இரண்டைத் தூக்கி வந்தார்.

வயரைப் பிடித்திருந்த மச்சினன் கணக்குப் போட்டுப் பார்த்தான். "ரெண்டு ஓம் வருது மாமா. கடைக்கு வர்றவன் இப்படி மாட்டினா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேப்பீங்க. சொந்த வீடுன்னா கரண்டுக்குக் கண்ணு தெரியாதா?"

மெக்கானிக் சுவிட்சைப் போட்டார். ஆம்ப்ளிஃபயரின் இரும்பு மூடியில் வைத்த விரல் கொப்பளித்தது. குரல் கண்ணாடிபோல் தெளிந்தது.

"சுடுதும்மா. அப்பாகிட்ட சொல்லு, ரொம்பச் சுடுது."

அவர் வயரைப் பிடுங்கி எறிந்தார். இத்தனை நாளும் அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது யாரும் சொல்லாமலே புரிந்தது. அணைத்தே வைக்கலாம் என்றான் மச்சினன். மெக்கானிக்கின் மனைவி, சுவிட்சுக்குப் போன அவன் கையைத் தட்டிவிட்டாள். கடைசியில் மெக்கானிக் நாலு ஸ்பீக்கரையும் ஒன்றின் வாலில் ஒன்றாக, வரிசையாகக் கோத்தார். தடை முப்பத்திரண்டு ஓமுக்கு ஏறியது, ஆம்ப்ளிஃபயர் ஆறியது, குரல் மூச்சளவுக்கு மெலிந்தது. அது பேச்சா பாட்டா என்று பிறகு யாருக்கும் தெரியவில்லை.

வருஷங்கள் போயின. மச்சினனின் பிள்ளைகள் அந்த வீட்டில் தாழ்ந்த குரலிலேயே பேசப் பழகினார்கள். மெக்கானிக் காலையில் கடைக்குக் கிளம்பும்போது ஆம்ப்ளிஃபயர் மூடியின்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். "காய்ச்சல் இல்லை" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டுவார்.