பரஸ்தானம் போன பை

லீலாவதி போட்ட திட்டத்தில் ஓட்டை கண்டுபிடிக்க இனிமேல்தான் ஒருவர் பிறந்து வர வேண்டும். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். பயணத்துக்குச் சரியாக அறுபது நாள் முன்பு, காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறந்த மறுநிமிஷமே மதுரைக்கு இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே மகள் சிந்துவுக்கு வளைகாப்பு. வியாழன் மதியம் நிஜாமுதீன் ஸ்டேஷனில் ஏறினால் சனி காலை மதுரை. தை மாதத்து டெல்லிப் பனியில் வண்டி அரை நாள் பிந்தினாலும் கவலையில்லை.

இத்தனை முன்னேற்பாட்டுக்கும் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் சிந்துவின் முதல் கர்ப்பம் கலைந்தபோது, தீபாவளி நெரிசலில் டிக்கெட் கிடைக்காமல் லீலாவதி நான்கு நாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தாள். "பரவாயில்லம்மா" என்று அந்தப் பெண் சுவரைப் பார்த்துச் சொன்னது இன்னமும் நெஞ்சை அறுக்கும்.

கணவர் பரமசிவமோ காலண்டரைப் பார்த்துத் திடுக்கிட்டார். "வியாழக்கெழம தெக்க சூலம், லீலா! தெக்க போகக் கூடாதே."

"ரயில்வேக்காரன் உங்க சூலத்தக் கேட்டா வண்டி விடுறான்?"

"அப்ப புதன்கெழமையே பரஸ்தானம் வச்சிருவோம்."

நல்ல நேரம் பார்த்து ஒரு பையை முதல் நாளே வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கிளம்பும்போது எடுத்துக்கொண்டு அப்படியே போய்விட வேண்டும். போகட்டும், மனுஷன் நிம்மதியாக வந்தால் சரி என்று லீலாவதி தலையாட்டினாள். புதன் காலை அவர் மூன்றாம் மாடி ப்ரீதாவிடம் ஒரு பையைக் கொடுத்துவிட்டு வந்தார். எந்தப் பை என்று இவள் கேட்கவில்லை.

வியாழன் காலை கீழே டாக்ஸி வந்து நின்றது. ப்ரீதா வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. விமான நிலையத்தில் வேலை அவளுக்கு. திடீரென்று காலை ஷிப்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம், எதிர்வீட்டுக்காரி சொன்னாள். அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை.

"என்ன பைங்க அது?"

பரமசிவம் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். "வளைகாப்புப் பை. மங்களமான சாமானா இருந்தா விசேஷம்னு..."

பட்டுப்புடவை, வெள்ளிக் காப்பு, ஆறு டஜன் கண்ணாடி வளையல், எல்லாம் பூட்டுக்கு அந்தப் பக்கம். "உங்க புத்தியக் கொண்டுபோய் ஒடப்புல போடுங்க!" என்றாள் லீலாவதி.

"ஒரு மணி நேரம் பாப்போம். பரஸ்தானப் பைய விட்டுட்டுப் போனா அபசகுனம் லீலா. அதுவும் வளைகாப்புக்கு!"

அபசகுனம் என்றதும் அவளும் ப்ரீதாவுக்கு மறுபடி ஒரு முறை போன் போட்டுப் பார்த்தாள். ஆனால் வெளியே பனி மூடிக் கிடந்தது. டெல்லியின் ஒரு கோடியில் இருக்கும் இந்த துவாரகாவிலிருந்து நிஜாமுதீன் பக்கத்திலா இருக்கிறது? வண்டியை விட்டால் இந்த வாரம் வேறு டிக்கெட் கிடையாது. பைக்காக நின்று மறுபடியும் பிந்திப் போவதா?

"ஏறுங்க டாக்ஸில," என்றாள். அந்தக் குரலுக்கு அவர் மறுபேச்சுப் பேசியதில்லை.

ரயில் பரிதாபாத்தைத் தாண்டியும் பரமசிவத்தின் முகம் தொங்கியே இருந்தது.

"நல்ல நேரத்துல கெளம்புன பை துவாரகாவுலயே குந்தியிருக்கு. சூலத்துல கெளம்புன நாம ஹரியானாவுக்கே வந்தாச்சு. மூஞ்சியத் தூக்கி வைக்காம டீயக் குடிங்க," என்று சொல்லிவிட்டு மகளுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது.

"சிந்து, ஒரு தப்பு நடந்துபோச்சுடி. வளையல் பையி..."

"வளையல் இங்க கெடைக்கும்மா. நீ வண்டில ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்."

"பக்கா?"

"பக்கா."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"யார்கிட்டயும் சொல்லலம்மா. இந்தத் தடவையும் ஏதாவது ஆயிடுமோன்னு எனக்குப் பயமா இருக்கு."

"வந்துக்கிட்டே இருக்கேன்டி," என்றாள் லீலாவதி.