சம்பந்தியின் உண்ணாவிரதம்

நகராட்சி அலுவலக வாசலில் ஒருவர் உண்ணாவிரதம் இருக்கிறார், காலையும் மாலையும் போய் ரத்த அழுத்தம் பார்த்து, எடை எடுத்து எழுதி வர வேண்டும் என்று தலைமை மருத்துவர் சொன்னார். நர்ஸ் சரியென்று தலையாட்டிவிட்டுத்தான் ஆள் யாரென்று கேட்டாள்.

"நம்ம வால்வுக்காரர்தான். ஊருக்கே தெரியுமே."

நர்சுக்கும் தெரியும். ஊருக்குத் தெரிந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். அவர் அவளுக்குச் சம்பந்தி.

சம்பந்தியாகி ஆறு வருஷம் ஆகிறது. ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஊருக்கு நடுவே ஆறு ஓடியது. இக்கரைக்காரர்களும் அக்கரைக்காரர்களும் ஒரே சந்தையில் காய் வாங்கினார்கள், ஒரே பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள். ஆனால் பெண் கொடுப்பதுமில்லை, எடுப்பதுமில்லை. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு சாக்கில் அடித்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் மேல்கரை நர்சின் ஒரே மகளும் கீழ்கரை வால்வுக்காரரின் ஒரே மகனும் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தொலைவில் வேறொரு ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். "மேல்கரைக்காரி என் வாசப்படி ஏறக் கூடாது" என்றார் வால்வுக்காரர். "எனக்கு மகளே பிறக்கலைன்னு நினைச்சுக்கிறேன்" என்றார் நர்சின் கணவர். சாகும்வரை அப்படியே நினைத்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். நர்ஸ் மட்டும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மகளோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

உண்ணாவிரதம் தண்ணீருக்காக. மேல்கரைக்குத் தினமும் குழாயில் தண்ணீர் வந்தது. கீழ்கரைக்கு நாலு நாளைக்கு ஒருமுறை. கேட்டால், மோட்டார் பழசு, கீழ்கரையில் திருட்டு இணைப்பு அதிகம் என்று நகராட்சி சொன்னது. வால்வுக்காரர் அந்த நகராட்சியிலேயே முப்பது வருஷம் வால்வு திறந்து மூடியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே வாசலில் கொட்டகை போட்டு, கட்டிலைக் கொண்டுவந்து உட்கார்ந்துவிட்டார்.

முதல் நாள் காலை நர்ஸ் எடை மெஷினை ஒரு கையிலும் பையை மறு கையிலும் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தாள். கட்டிலின் காலடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். நர்சைப் பார்த்ததும் எழுந்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"ஐயா, சட்டைக் கையைக் கொஞ்சம் மடக்குங்க."

அவர் கொட்டகைக் காலைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினார். "எவ்வளவு, சிஸ்டர்?"

"நூத்தி முப்பதுக்கு எண்பத்தி நாலு."

"அப்படியே எழுதுங்க. கூட்டியும் எழுத வேணாம், குறைச்சும் எழுத வேணாம்."

"கூட்டிக் குறைக்க நான் என்ன வால்வா திறக்கிறேன்?"

அவர் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. வால்வுக்காரர் திரும்பி மனைவியை ஒரு முறை முறைத்துவிட்டு, எடை மெஷின்மேல் ஏறி நின்றார். எழுபத்தொரு கிலோ இருநூறு கிராம்.

அன்று ராத்திரி மகள் கேட்டாள், "அம்மா, மாமா எப்படி இருக்கார்?"

"கல்லு மாதிரி இருக்கார். உன் மாமியார்தான் பாவம்."

நாலாம் நாள் மாலை வால்வுக்காரர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். எடைச் சீட்டை வாங்கி வைத்த அவர் மனைவியின் கை நடுங்கியது. உதடு வெடித்திருந்தது. நர்ஸ் ஒன்றும் கேட்காமல் அவள் கையைப் பிடித்து ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினாள். தொண்ணூறுக்கு அறுபது.

"எப்ப சாப்பிட்டீங்க?" என்று காதோரம் கேட்டாள்.

"அவர் சாப்பிடாம நான் மட்டும் எப்படிங்க..."

"நாலு நாளாவா? அவருக்குத் தெரியுமா?"

"வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டு, போய்ச் சும்மா உட்கார்ந்துட்டு வந்துடுவேன். தெரிஞ்சா கத்துவார். கத்தத் தெம்பு வேணுமில்ல அவருக்கு? சொல்லாதீங்க."

நர்ஸ் அவளை அலுவலகத்துக்குப் பின்பக்கம் கூட்டிப்போய், எதிர்க்கடையில் பாலும் பிஸ்கட்டும் வாங்கிக்கொடுத்துப் பக்கத்திலேயே நின்றாள். முதல் பிஸ்கட்டைப் பாலில் தோய்த்தபோது அந்த அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அழுதுக்கிட்டே சாப்பிடுங்க, பரவாயில்ல. சாப்பிடாம அழாதீங்க" என்றாள் நர்ஸ்.

அதற்குப் பிறகு தினமும் இரண்டு பிஸ்கட் பொட்டலம் நர்சின் பையில் வந்தது. மிச்சத்தை அந்த அம்மா தன் துணிப்பையில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தாள். இரண்டு பேரும் பின்பக்கச் சுவரோரம் நின்று பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். மகன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான் என்று அந்த அம்மா சொல்ல, இப்போதும் அப்படித்தான் போகிறானாம் என்று நர்ஸ் சொல்ல, ஆறு வருஷக் கதை மூன்று நாளில் ஓடியது.

ஏழாம் நாள் மதியம் பத்திரிகைக்காரன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்தான். வால்வுக்காரர் அரைத் தூக்கத்தில் இருந்தார். அந்த அம்மா முகம் கழுவப் போயிருந்தாள். அவன் குனிந்து துணிப்பையைத் திறந்து, பிஸ்கட் பொட்டலத்தைக் கட்டிலோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டான். மூன்று மணிக்குள் அந்தப் படம் ஊரிலுள்ள எல்லாருடைய கைபேசிக்கும் வந்துவிட்டது. மேல்கரை இளைஞர்கள் ஒரு வண்டியில் ஒலிபெருக்கி கட்டி, "உண்ணாவிரதமா, பிஸ்கட் விரதமா?" என்று கத்திக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்தார்கள். கீழ்கரை ஆட்கள் கொட்டகை முன்னால் கூடினார்கள்.

இது எதுவும் தெரியாமல் நர்ஸ் நாலு மணிக்கு எடை மெஷினோடு வந்து சேர்ந்தாள். அவளைச் சுற்றி வட்டம் விழுந்தது.

"இவதான் கொண்டுவந்து வச்சவ. மேல்கரைக்காரி!"

போராட்டக் குழுச் செயலாளர் பொட்டலத்தை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். "இது யாரு கொண்டுவந்தது?"

"நான்தான்" என்றாள் நர்ஸ்.

கூட்டம் சேர்ந்தாற்போல் சத்தம் போட்டது. யாரோ அவள் பையைப் பிடித்து இழுத்தார்கள். வால்வுக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"விடுங்கடா அவங்களை!"

ஏழு நாளும் யாரிடமும் குரலுயர்த்திப் பேசாத அவர் மனைவிதான் கத்தினாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நர்சின் முன்னால் நின்றாள். "நான் தின்னேன். அந்த பிஸ்கட் அத்தனையும் நான் தின்னேன். நாலு நாள் பட்டினி கிடந்து தலை சுத்தி விழப் போனேன். உங்கள்ல ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா, சாப்பிட்டியான்னு? இவங்க கேட்டாங்க."

நர்ஸ் நோட்டைப் பிரித்தாள். சத்தமாகவே படித்தாள். "முதல் நாள் எழுபத்தொன்னு இருநூறு. மூணாம் நாள் அறுபத்தெட்டு நானூறு. இன்னைக்குக் காலையில அறுபத்தஞ்சு நூறு. பிஸ்கட் தின்னவருக்கு ஆறு கிலோ குறையுமா? சந்தேகம்னா இப்பவே ஏத்திப் பாருங்க."

வட்டம் மெல்லத் தளர்ந்தது. ஆனால் அவள் படித்தது எதிரில் நின்ற வண்டிக்கும் கேட்டிருந்தது. "நம்ம பொம்பளை அவனுக்குச் சாட்சி சொல்றா பாரு" என்று ஒலிபெருக்கி கத்தியது. முதல் கல் கொட்டகைத் தகரத்தில் விழுந்தது. இரண்டாவது கல் நர்சின் புருவத்துக்கு மேலே பட்டது.

அதற்குப் பிறகு கீழ்கரையும் கல்லை எடுத்தது. கொட்டகை சரிந்தது. வண்டியின் கண்ணாடி நொறுங்கியது. போலீஸ் தடியோடு இறங்கியது. வால்வுக்காரரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் நர்சைத் தாங்கிப் பிடித்து, வரி கட்டும் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்கள். யார் யாரைத் தாங்கினார்கள் என்று சொல்வது கஷ்டம். மூன்று பேருமே நிற்கும் நிலையில் இல்லை.

உள்ளே இரும்பு அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார்கள். வால்வுக்காரர் தன் தோள் துண்டை நாலாய் மடித்து நர்சின் நெற்றியில் வைத்தார்.

"நல்லா அழுத்துங்க. இன்னும்" என்றாள் நர்ஸ்.

"வலிக்குமே?"

"வலிச்சாத்தான் ரத்தம் நிக்கும்."

அவர் அழுத்தினார். மற்றக் கையையும் சேர்த்து வைத்துக்கொண்டார். வெளியே கத்தலும் ஓடும் சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரம் கழித்து மனைவியைப் பார்க்காமலே கேட்டார், "நாலு நாளா?"

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க சாப்பிட்டிருப்பீங்களா?"

அவர் துண்டைத் திருப்பி மடித்து, காய்ந்த பக்கத்தை வைத்தார். "சம்பந்தியம்மா," என்றார். அந்த வார்த்தை அவருக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும், ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார். "சம்பந்தியம்மா, மயக்கம் வருதா?"

"எனக்கு வரல. உங்களுக்கு வருது. இந்த அலமாரியில சாஞ்சுக்கோங்க, சம்பந்தி."

கதவைத் தட்டிக்கொண்டு செயலாளர் உள்ளே வந்தார். முகத்தில் ஒரு பரபரப்பு. கூடவே கேமராவோடு இன்னொருவர். "அண்ணே, நாம விடக் கூடாது. நாளைக்கு எட்டாம் நாள். ரத்தம் பார்த்த போராட்டம் தோத்ததா சரித்திரமே இல்ல. அந்தத் துண்டைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரே ஒரு படம்..."

"இது என் சம்பந்தி ரத்தம்" என்றார் வால்வுக்காரர். "படம் காட்ட இல்ல. வெளிய எத்தனை பேருக்கு அடி?"

"நம்மாளு ரெண்டு பேரு. அந்தப் பக்கம் வண்டி ஓட்டினவனுக்குக் கண்ணுல கண்ணாடி குத்திருக்கு. அது அவனுங்க தேடிக்கிட்டது."

வால்வுக்காரர் துண்டிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். "தண்ணிக்குத்தான் உட்கார்ந்தேன், தம்பி. கண்ணு போறதுக்கு இல்ல. நான் எந்திரிச்சுக்கிறேன்."

"இப்ப எந்திரிச்சா பயந்துட்டான்னு சொல்லுவாங்கண்ணே."

"சொல்லட்டும்."

நர்ஸ் பையைத் துழாவி உப்புச் சர்க்கரைப் பொடிப் பாக்கெட் ஒன்றை எடுத்துத் தன் சம்பந்தியம்மாவிடம் கொடுத்தாள். அவள் அதை, வரி கட்ட வருபவர்களுக்கென்று அங்கே வைத்திருந்த தண்ணீரில் கரைத்தாள். "மடக்குன்னு குடிச்சுடாதீங்க. வாய் நனைக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா" என்றாள் நர்ஸ். அவர் சின்னப் பிள்ளை போல இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, அப்படியே குடித்தார். செயலாளர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

நர்சுக்கு ஐந்து தையல். அடிபட்ட ஓட்டுநருக்கு ஒரு கண்ணில் பார்வை பாதிதான் திரும்பியது. அந்த வாரம் முழுக்க மருத்துவமனையில் அவன் படுத்திருந்த அறைக்கும் வால்வுக்காரர் படுத்திருந்த அறைக்கும் மாறி மாறி நடந்தவள், நெற்றியில் கட்டோடு இருந்த அவள்தான். மூன்று மாதம் கழித்து நகராட்சி ஓர் உத்தரவு போட்டது. நாலு நாளைக்கு ஒருமுறை என்பது மூன்று நாளைக்கு ஒருமுறை ஆனது. போராட்டத்தால் வந்தது என்று செயலாளர் சுவரொட்டி ஒட்டினார். வால்வுக்காரர் பெயர் அதில் இல்லை. அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னவர்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். மேல்கரையில் நர்சின் வீட்டுக் கதவில் யாரோ தாரால் கிறுக்கிவிட்டுப் போனார்கள். அவள் மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தாள், முழுசாகப் போகவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை வால்வுக்காரர் மருத்துவமனைக்கு வந்து, சீட்டு வாங்கி வரிசையில் நின்று, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டார். முறை வந்ததும் சண்டையும் வந்துவிடும். உங்கள் கரை எங்கள் தண்ணீரைக் குடிக்கிறது என்பார் அவர். மோட்டாரை மாற்றச் சொல்லி இரண்டு கரையும் சேர்ந்து கேட்டால் என்ன என்பாள் இவள். பின்னால் நிற்பவர்கள் முனகத் தொடங்கியதும் அவர் எழுந்துகொள்வார். அப்படி ஒருநாள் எழுந்தவர் போகவில்லை.

"ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க வர்றாங்க. நம்ம வீட்டுக்கு. நீங்களும் வரணும்."

"உங்க தெருவுல என்னை விடுவாங்களா, சம்பந்தி?"

"நான் பாலத்துக்கிட்ட வந்து நிக்கிறேன்."

பத்து மணி என்று சொல்லியிருந்தார். அவள் பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே பாலத்தில் ஏறினாள். தேய்த்த சட்டை வியர்வையில் நனைந்து முதுகில் ஒட்டியிருக்க, அவர் மறுமுனையில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. இரண்டு பேரும் தெருவுக்குள் நடந்தார்கள். ஒரு வீட்டில் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. தேநீர்க் கடையில் பேச்சு நின்றது. செயலாளர் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்தார். வால்வுக்காரர் எல்லாருக்கும் கேட்கிறாற்போல் பேசிக்கொண்டே நடந்தார்.

"பார்த்து வாங்க சம்பந்தியம்மா, இங்க ஒரு பள்ளம் இருக்கு. நகராட்சிக்கு இதையும் மூடத் துப்பில்ல."

கடைசி வீட்டு வாசலில் அவளுடைய மகளும் அவருடைய மனைவியும் நின்றுகொண்டிருந்தார்கள். மருமகன் பின்னாலிருந்து ஓடிவந்தான். அவன் சட்டையைத் திருப்பித்தான் போட்டிருந்தான். நர்ஸ் வாசற்படியில் ஒரு நொடி தயங்கினாள். வால்வுக்காரர் அவளுக்கு முன்னால் போகாமல் ஒதுங்கி நின்று, "ஏறுங்க" என்றார்.