இஞ்சிப் பாண்டிகசாலை

அமுதவள்ளிக்குப் பாம்பும் ஏணியும் பிடிக்காது. அதில் ஆடுவது பகடைதான், நாம் காயைத் தூக்கி வைக்கிற கூலியாள் மட்டுமே என்பது அவள் கட்சி. லூடோ பரவாயில்லை என்பாள். போனில் ஆடுகிற லூடோ என்றால் அதுவும் கிடையாது. நம் கையால் குலுக்கிப் போடாத பகடையை எப்படி நம்புவது? நிலம் வாங்கி வீடு கட்டும் வியாபார ஆட்டத்தில் அரை மணி நேரத்திலேயே ஒருவர் ஓட்டாண்டியாகிவிடுவார், அப்புறம் இரண்டு மணி நேரம் அவர் மற்றவர்களுக்குச் சாயா போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். போனில் மிட்டாய்களை வரிசை சேர்க்கிற ஆட்டத்தை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்வாள்.

சீட்டாட்டத்தில் இருபத்தெட்டு என்ற ஆட்டத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. ஏலம் கேட்டவர் துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அது என்ன இனம் என்று தெரியாமலே பாதி ஆட்டம் போகும். எதிரே இருக்கும் கூட்டாளியிடம் வாய் திறந்து எதுவும் கேட்க முடியாது. "ரெண்டு பேர் எத்தன வருஷம் பழகினாலும் தெரியாத குணமெல்லாம் ஒரு கை இருபத்தெட்டுல தெரிஞ்சுரும்" என்று அடிக்கடி சொல்வாள். அவளுடைய கணவன் இசக்கிராஜா இருபத்தெட்டில் அளவுக்கு மீறி ஏலம் கேட்கிறவன். அதனால் அவள் வீட்டுக்கு எதையும் தவணையில் வாங்க விட்டதில்லை.

மட்டாஞ்சேரியில் அவள் ஹரித கர்ம சேனையில் வேலை பார்த்தாள். பச்சைக் கோட்டும் கையுறையுமாக வீடு வீடாகப் போய், வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்தைப் போனில் படம்பிடித்து, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்கி வரும் வேலை. ஆறு வருடத்துக்கு முன் பஜார் சாலையை ஒட்டிய ஒரு வீட்டில், பைக்கு மேலே ஓர் அட்டைப் பெட்டியையும் வைத்திருந்தார்கள். திறந்து பார்த்தால் உள்ளே வண்ண வண்ண மரக்காய்கள், சீட்டுகள், ஒரு வரைபடம். பிள்ளைகள் வளர்ந்து கனடா போய்விட்டார்கள், தூக்கிப் போட வேண்டியதுதான் என்றாள் வீட்டுக்காரி. நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு வாங்கி வந்தாள்.

விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அமுதவள்ளி மலையாளப் பள்ளியில் படித்தவள். தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். போனில் படம்பிடித்து மலையாளத்துக்கு மாற்றிப் பார்த்தாள். ஒவ்வொருவரும் தம் முறை வந்ததும் ஓர் அட்டையை வரைய வேண்டும் என்று வந்தது. புருஷனும் பெண்டாட்டியுமாக பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க அட்டையில் எதை வரைவது என்று யோசித்தார்கள். அடுக்கிலிருந்து ஒரு சீட்டை எடு என்பதைத்தான் போன் அப்படி மாற்றியிருக்கிறது என்று மறுநாள் குப்பை பிரிக்கும்போது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. கூட நின்றவர்கள் எதற்குச் சிரிக்கிறாள் என்று கேட்டார்கள்.

அதிலிருந்து பிடித்துக்கொண்டது. இப்போது கட்டிலுக்கு அடியில் பத்தொன்பது பெட்டிகள் இருந்தன. காணாமற்போன காய்களுக்குப் பதிலாகச் சட்டைப் பொத்தான், புளியங்கொட்டை, பேனா மூடி. ஒவ்வொன்றையும் ஆடி முடித்ததும் அதன் நல்லது கெட்டதை ஒரு குரல் செய்தியாகப் பேசி, உடன் வேலை பார்ப்பவர்களின் குழுவில் போடுவாள். பாதிப் பேர் கேட்கமாட்டார்கள். அவள் விடமாட்டாள்.

பினு அவளுக்குப் பழக்கமானதும் இந்த ஆட்டப் பித்தால்தான். பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் அவனும் மனைவி மஞ்சுஷாவும் ஒரு சாயாக்கடை நடத்தினார்கள். அங்கே அலமாரி நிறைய விளையாட்டுகள் இருக்கும். வருகிறவர்கள் ஆடிக்கொண்டே சாயாவும் பழம்பொரியும் சாப்பிடலாம். பிளாஸ்டிக் வாங்கப் போனவள், மேசையில் யாரோ ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தைப் பார்த்து, அதில் மஞ்சள் காய்க்காரர் இரண்டு முறைக்கு முன்பே தோற்றுவிட்டார், அவருக்கு இன்னும் தெரியவில்லை என்றாள். பினு எண்ணிப் பார்த்தான். அவள் சொன்னது சரியாக இருந்தது. அன்று முதல் செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் வேலை முடிந்து, குளித்துவிட்டு அங்கே போவது அவளுக்கு வழக்கமாயிற்று. புதிதாக ஏதாவது வந்தால், சேச்சி என்ன சொல்கிறாள் என்று பார்த்துத்தான் பினு அலமாரியில் வைப்பான்.

அந்தப் பினுவே ஒரு விளையாட்டு செய்தான். இரண்டு வருட உழைப்பு. பெயர் பாண்டிகசாலை. மட்டாஞ்சேரியின் தெருக்கள், கிடங்குகள், படகுத்துறை எல்லாவற்றையும் மஞ்சுஷா பலகையில் வரைந்திருந்தாள். கூரைமேல் பூனைகள்கூட இருந்தன. நான்கு பேர் ஆளுக்கொரு பாண்டிகசாலையை, அதாவது சரக்குக் கிடங்கை, எடுத்துக்கொள்ள வேண்டும். மிளகு, ஏலம், மஞ்சள், இஞ்சி. ஆறு படகுகள் ஒவ்வொன்றாக வரும்; தன் காய்களைக் கூலியாட்களாகத் துறைக்கு அனுப்பிச் சரக்கை இறக்க வேண்டும். யார் அதிகச் சரக்கைச் சேர்க்கிறாரோ அவருக்கு வெற்றி. பெங்களூரில் விளையாட்டுகள் வெளியிடும் ஒரு நிறுவனத்திலிருந்து சனிக்கிழமை ஆள் வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய செவ்வாயன்று பினு அதை அமுதவள்ளியின் முன் விரித்தான்.

மூன்று முறை ஆடினார்கள். முதல் முறை அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் தினமும் நடக்கிற சந்துகள் அத்தனையும் அதில் இருந்தன. இரண்டாம் முறை அவள் முகம் மாறியது. மூன்றாம் முறை பாதியிலேயே காய்களைக் கீழே வைத்துவிட்டாள்.

"சத்தியமா சொல்லணுமா, பினு?"

"அதுக்குத்தானே சேச்சிய விளிச்சேன்."

"காண நல்ல சந்தமா இருக்கு. ஆனா இஞ்சிப் பாண்டிகசாலை துறைக்குப் பக்கத்துல இருக்கு. எல்லாப் படகோட சரக்கும் முதல்ல அங்கதான் போகுது. மொத ஆளு இஞ்சிய எடுத்தா மூணாம் படகோட கதை முடிஞ்சுது. மத்தவங்க பின்ன ஒரு மணி நேரம் மரியாதைக்கு உக்காந்திருக்கணும்."

எழுபது எண்பது பேர் ஆடியிருக்கிறார்கள், ஒருத்தரும் இப்படிச் சொல்லவில்லை என்றான். அவர்களெல்லாம் உன் சிநேகிதர்கள் என்றாள் அவள். மஞ்சுஷா ஏதோ சொல்ல வந்தாள். பினு அவளை முந்திக்கொண்டு, பலகையை மடித்தபடியே சொன்னான்:

"சேச்சிக்கு குப்பையில கெடந்தத எடுத்து ஆடிப் பழகிப்போச்சு. புதுசா ஒண்ண கண்டா மனசிலாவாது."

அமுதவள்ளி எழுந்து பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். குப்பை என்ற சொல்லை நாளெல்லாம் கேட்கிறவள்தான். ஆனால் அந்த மேசையில் அதுவரை யாரும் அதைச் சொன்னதில்லை.

வீட்டில் இசக்கிராஜா சட்டியில் கப்பைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தான். காயலுக்கு அக்கரையில், பிராட்வேயில் ஒரு பாத்திரக் கடையில் வேலை; நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் எல்லாவற்றையும் நல்லது நல்லது என்று சொல்லியே பழகியவன். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருந்தா என்ன கொறஞ்சு போகும்?" என்றான்.

"அப்புறம் வேற ஒண்ண நான் நல்லாருக்குன்னு சொன்னா, அத யாரு நம்புவா?"

அவன் கப்பையை இரண்டு தட்டில் போட்டு, அவள் தட்டில் மீன்குழம்பைக் கொஞ்சம் கூடவே ஊற்றினான்.

வெள்ளிக்கிழமை அவள் அந்தத் தெருவுக்குப் போனபோது, கடையின் பிளாஸ்டிக் பை கழுவிக் கட்டி, கீழ்ப்படியிலேயே வைக்கப்பட்டிருந்தது. மேலே ஏற வேண்டிய தேவை இல்லை. கட்டத்தைப் படம்பிடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு மஞ்சுஷா போன் செய்தாள். பெங்களூர்க்காரி வந்துவிட்டாளாம். நான்காவது ஆளாக ஆட திருப்பூணித்துறையிலிருந்து வரவேண்டிய நண்பனுக்குக் காய்ச்சல். விளையாட்டின் விதிகள் முழுக்கத் தெரிந்து, இந்நேரத்துக்கு வந்து சேரக்கூடிய ஆள் வேறு யாரும் இல்லை.

"பினு விளிக்கச் சொன்னானா?"

"இல்ல, சேச்சி. நான்தான்."

அமுதவள்ளி புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். மஞ்சுஷா வரைந்த பூனைகளுக்காகவாவது போகலாம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வந்திருந்தவள் பெயர் ஸுப்ரியா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பெங்களூரில் இருந்தாலும் பாலக்காட்டுத் தமிழ் வீட்டுப் பெண். அமுதவள்ளி பேசியதும் அவளும் தமிழுக்கு வந்துவிட்டாள். பினு அமுதவள்ளியைப் பார்த்து ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொண்டான். அவன் நெற்றி வியர்த்திருந்தது. விதிகளை விளக்கும்போது இரண்டு இடத்தில் வார்த்தை தடுமாறியது. நால்வரும் உட்கார்ந்தார்கள். யார் முதல் என்று முடிவுசெய்ய, துணிப்பைக்குள் கைவிட்டு ஆளுக்கொரு காயை எடுத்தார்கள். சிவப்பு யார் கையில் வருகிறதோ அவர் முதல்.

அமுதவள்ளியின் கையில் சிவப்பு வந்தது.

நான்கு பாண்டிகசாலைகளும் அவள் முன்னால் இருந்தன. ஏலக் கிடங்கை எடுத்தால் ஆட்டம் இழுபறியாகப் போகும், எல்லோரும் கடைசிப் படகு வரைக்கும் சிரித்துக்கொண்டே ஆடலாம். இஞ்சியை எடுத்தால் அரை மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும். அவள் நிமிர்ந்தபோது பினு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அவள் சொன்னதை நம்பியிருக்கிறான் என்பது அவளுக்கு அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. செவ்வாய்க்குப் பிறகு தனியாக ஆடிப் பார்த்திருக்கிறான்.

நான் இப்போது இஞ்சியை எடுத்தால் பழி வாங்கியதாக நினைப்பான் என்று அவள் யோசித்தாள். கொஞ்சம் அப்படியும் இருக்குமோ என்று தன் மனசையே துழாவிப் பார்த்தாள். கோபம் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஜெயிக்க வழி தெரிந்தும் ஜெயிக்காமல் ஆடுவது, எதிரில் உட்கார்ந்திருப்பவரைக் குழந்தையாக்கி மடியில் வைத்துக்கொள்வது போல. இசக்கிராஜாவிடம்கூட அவள் அப்படி ஆடியதில்லை.

இஞ்சிப் பாண்டிகசாலையின் மேல் சிவப்புக் காயை வைத்தாள்.

முதல் படகு வந்தது, இரண்டாவது வந்தது. மஞ்சுஷா தலை குனிந்து ஆடினாள். மூன்றாவது படகின் சரக்கைப் பிரித்து முடித்ததும் ஸுப்ரியா கையிலிருந்த காய்களை மேசைமேல் வைத்துவிட்டு எல்லோர் முன்னாலும் இருந்த குவியல்களைப் பார்த்தாள்.

"இது முடிஞ்சிருச்சு, இல்லையா அக்கா?"

"முடிஞ்சுது" என்றாள் அமுதவள்ளி.

கீழே தெருவில் ஒரு ஆட்டோ பின்வாங்கிக்கொண்டே சந்துக்குள் நுழைந்தது. பினு தண்ணீர் தம்ளரை எடுத்து, குடிக்காமல் வைத்தான்.

"இவங்க செவ்வாய்க்கிழமையே சொன்னாங்க" என்றான் ஸுப்ரியாவிடம். "நான் கேக்கல. கேக்காததோட நிக்காம, பேசக்கூடாதது ஒண்ணும் பேசினேன்." பிறகு அமுதவள்ளியின் பக்கம் திரும்பினான். "தெற்று என்னோடதுதான், சேச்சி. க்ஷமிக்கணும்."

ஒரு வெளியாளின் முன்னால், தன் விளையாட்டு கவிழ்ந்து கிடக்கும் மேசையில் உட்கார்ந்துகொண்டு அவன் அதைச் சொன்னது அவளைத் தொட்டது. சாயா இருக்கா என்று கேட்டாள். மஞ்சுஷா எழுந்து ஓடினாள்.

சாயா வந்த பிறகு ஸுப்ரியா கேட்டாள், நீங்களாக இருந்தால் இதில் எதை மாற்றுவீர்கள் என்று. அமுதவள்ளி நான்கு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். குப்பை பிரிக்கும்போதும், மாவு அரைக்கும்போதும். ஆனால் கேட்கிறவர் இல்லாததால் அது அவளுக்குள்ளேயே கிடந்தது. படகு எப்போதும் ஒரே துறைக்கு வருவதால்தான் இந்தக் கோளாறு என்றாள். மூன்றாம் படகுக்குப் பிறகு, யார் எல்லோருக்கும் பின்னால் கிடக்கிறாரோ அவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்கட்டும். அடுத்த படகு எந்தக் கடவில், அதாவது எந்தக் கிடங்கின் படித்துறையில், நிற்கும் என்பது அதில் இருக்கட்டும். இருபத்தெட்டில் துருப்பு இருக்கிற மாதிரி. முன்னால் இருப்பவர் அதை ஊகித்துத்தான் தன் ஆட்களை அனுப்ப வேண்டும்.

"அப்போ தோக்கிற ஆளு சும்மா இருக்க மாட்டான். மத்தவங்க எல்லாரும் அவன் மொகத்தத்தான் பாத்துட்டு இருப்பாங்க."

ஸுப்ரியா தன் குறிப்பேட்டில் எதையோ எழுதினாள். உறுதியாக எதுவும் சொல்லவில்லை. பலகை மிக அழகாக இருக்கிறது, விளையாட்டு இன்னும் ஆகவில்லை, மழை சற்றுக் குறைந்ததும் ஆகஸ்டில் மறுபடி வருகிறேன், அப்போது காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, ஆலுவாவில் ரயில் பிடிக்கக் கிளம்பினாள்.

ஜூனும் ஜூலையும் அப்படியே போயின. செவ்வாய்க்கிழமைகளில் கிடங்கின் ஓட்டுக்கூரையில் மழை கொட்டும். ஒழுகும் இடத்தில் மஞ்சுஷா ஒரு வாளியை வைத்துவிட்டு, மேசையைச் சற்றுத் தள்ளிப் போடுவாள். இசக்கிராஜாவும் வர ஆரம்பித்தான். கவிழ்த்து வைக்கும் சீட்டு முதலில் அதிகப் பலம் பெற்றுவிட்டது. எல்லோரும் வேண்டுமென்றே பின்தங்கப் பார்த்தார்கள். அதைக் குறைத்தார்கள். பிறகு ஐந்தாம் படகு தேவையில்லாமல் போனது, அதை எடுத்தார்கள். பினுவுக்கும் அமுதவள்ளிக்கும் வாரம் ஒரு சண்டை வரும். மஞ்சள் கிடங்கைப் பற்றிய சண்டையில் அவன் சொன்னதே சரி என்று தெரிந்ததும், அவள் அதைக் குரல் செய்தியாகவே பேசிக் குழுவில் போட்டாள்.

பினு ஒரு நாள் விதிப்புத்தகத்தை மலையாளத்தில் எழுதிக் கொண்டுவந்து அவளை வாசிக்கச் சொன்னான். எந்த வரியில் அவள் நிற்கிறாளோ அந்த வரியை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதினான்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில், ஸுப்ரியா வருவதற்கு ஒன்பது நாள் முன்பு, அந்த ஆட்டம் நடந்தது. அமுதவள்ளி கையில் இஞ்சி. கடைசிப் படகுக்கு முன்பு அவள் வெகுதூரம் முன்னால் இருந்தாள். கடைசியில் கிடந்தவள் மஞ்சுஷா. அவள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் காய்களை மிளகுக் கடவுப் பக்கம் லேசாக நகர்த்தினாள். நகர்த்தியது தெரியாமல் இருக்க வேண்டும் என்பது போல உடனே கையை இழுத்துக்கொண்டாள். அதை அமுதவள்ளி பார்த்தாள். இவளுக்கு முகத்தில் எதையும் ஒளிக்கத் தெரியாது என்று முடிவுகட்டி, தன் ஆட்கள் அத்தனை பேரையும் மிளகுக் கடவுக்கு அனுப்பினாள்.

மஞ்சுஷா சீட்டைத் திருப்பினாள். ஏலம்.

கடைசிப் படகின் சரக்கு முழுவதும் மஞ்சுஷாவின் ஏலக் கிடங்குப் பக்கம் போயிற்று. இரண்டு மூட்டை வித்தியாசத்தில் மஞ்சுஷா ஜெயித்தாள். இசக்கிராஜா மேசையில் தட்டிச் சிரித்தான். அமுதவள்ளி அந்தச் சீட்டை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தாள். இத்தனை நாள் சாயா கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணை இன்றைக்குத்தான் பார்ப்பது போல மஞ்சுஷாவையும் ஒரு முறை பார்த்தாள். உண்மையாகவே ஆத்திரமாக இருந்தது. இந்த மேசையில் அவள் தோற்று ஆறு மாதமாகிவிட்டது.

பினு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். "எப்படி இருக்கு, சேச்சி?"

அவள் காய்களையெல்லாம் வாரித் துணிப்பைக்குள் போட்டு, பையைக் குலுக்கி, மஞ்சுஷாவின் முன்னால் நீட்டினாள்.

"எடு. இன்னொரு ஆட்டம்."